டன்னுக்குப் பின்னால் ஒரு எழுத்து

தெற்கு மாரட் வீதியில்
பேரிங் கடைக்கு மேலே என் அறை.
மேசையில் நாற்பத்தொரு பக்கம்:
மேலூர்ப் பக்கத்துக் குவாரி ஒன்று வாங்கிப்போட்ட
பழைய ரஷ்யக் கிரேனின் வலுக்கணக்கு.
திங்கள் காலை ஆங்கிலத்தில் வேண்டுமாம்.
இன்று சனி, ராத்திரி ஒன்பது.

'சீலா' என்றால் ஃபோர்ஸ். சிக்கல் இல்லை.
'உசீலியே' என்றாலும் ஃபோர்ஸ் என்றே போடச் சொல்கிறாள்
கோவையிலிருந்து திருத்தும் அனிதா ரோஸ்லின்.
ஓரத்தில் சிவப்பாக: எல்லாம் ஒரே மாதிரி இருக்கட்டும்.
ஒரே மாதிரி இல்லையே, தாயே.
முன்னது வெளியிலிருந்து வந்து விழுவது.
பின்னது தண்டுக்கு உள்ளே
இரும்பு தம் கட்டி நிற்பது.
'தம்' என்று அடிக்க முடிந்தால்
இந்நேரம் பத்துப் பக்கம் தாண்டியிருப்பேன்.

கீழே சத்தம்.
கடைக்காரர் இரும்புப் பெட்டி வாங்கியிருக்கிறார்.
வண்டிகள் ஓய்ந்த பிறகு ஏற்றுகிறார்கள்,
நாலு பேர், இரண்டு கயிறு, ஒரு பலகை.
"தோள் மாத்து, தோள் மாத்து"
என்கிறது ஒச்சப்பன் குரல்.

நானும் அந்தச் சொல்லில்தான் நிற்கிறேன்.
அச்சுக்கும் விசைக்கும் நடுவிலுள்ள தூரத்தை
ரஷ்யன் 'பிளிச்சோ' என்பான், தோள்.
ஆங்கிலத்தில் அது கை.
மாடிப்படியில் இப்போது அது தோள்தான்,
துண்டு மடித்துப் போட்ட தோள்.
இருந்தாலும் ஆர்ம் என்று அடித்தேன்.
இதை வாசிக்கப்போவது ஒச்சப்பன் அல்ல.

'நப்ரியஷேனியே.'
எஃகுக்குள் இருந்தால் ஸ்ட்ரெஸ்.
மின்கம்பியில் இருந்தால் வோல்டேஜ்.
பரீட்சைக்கு முந்தின இரவில் இருந்தால்
நாம் டென்ஷன் என்போம்,
அதையோ ஆங்கிலேயன்
கயிற்றுக்குக் கொடுத்துவிட்டான்.

பெட்டி ஏழாம் படியில் நின்றுவிட்டது.
"அசைய மாட்டேங்குது மாமா."
'த்ரேனியே பகோயா', ஓய்வின் உராய்வு.
பகோய் என்றால் நிம்மதியும்தான்.
கார்க்கோவில் நான் படித்த ஆறு குளிர்காலமும்
விடுதிக்குப் போகும் வழியில் கல்லறைகளில்
அந்தச் சொல்லைப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.
ஆங்கிலத்தில் ஸ்டேட்டிக்.
ரேடியோ இரைச்சலுக்கும் அதே பெயர்,
என் இடது காதுக்குள் கேட்பதற்கும்.

முப்பத்து மூன்றாம் பக்கம். அட்டவணை.
கொக்கியைத் தாங்கும் பின்.
யாரோ முன்பு செய்த மொழிபெயர்ப்பையும்
பார்வைக்கென்று அனுப்பியிருந்தார்கள்.
அதில்: பத்து கிலோநியூட்டன்.
மூலத்தில் பத்து டன்,
டன்னுக்குப் பின்னால் தேய்பிறை மாதிரி
ஒரு வளைந்த எழுத்து.
சீலாவின் முதலெழுத்து.
டன் விசை.
பத்தல்ல, தொண்ணூற்றெட்டு.

பத்தென்று நம்பி இங்கேயே ஒரு பட்டறையில்
புதுப் பின் கடைந்து போடுவான் ஒருவன்.
கல் எழும்பும்.
ஒரு முழம் எழும்பும்.

போன் போட்டேன். மணி பதினொன்று.
"பழைய ஃபைல் அப்ரூவ் ஆனது, சார்."
"எழுத்தைப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கேன், பாரும்மா."
கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் மூச்சு மட்டும்.
"அப்ரூவ் பண்ணினது நான்தான்" என்றாள்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
"குவாரிக்கு இப்பவே பேசுறேன்.
உசீலியே மட்டும் ஃபோர்ஸாவே இருக்கட்டும் சார்."

சொல்லுக்கு ஒண்ணேகால் ரூபாய்.
டன்னுக்குப் பின்னால் நிற்கும் எழுத்தை
கம்ப்யூட்டர் சொல்லாக எண்ணுவதில்லை.

டீ குடிக்க இறங்கினேன்.
ஆட்கள் புரோட்டாக் கடைக்குப் போய்விட்டார்கள்.
ஏழாம் படியில் பெட்டி.
அது எவ்வளவு அழுத்துகிறதோ அவ்வளவும்
படி திருப்பித் தள்ளிக்கொண்டிருக்கிறது,
யாரும் பார்க்காதபோதும்.
சுவரோடு ஒருக்களித்து,
வயிற்றை எக்கிக்கொண்டு,
அதைத் தாண்டிப் போனேன்.